உலைநீரின் காவல்

ரசம் வைப்பதற்கென்றே தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வரும் ஈயச் சொம்பில் ஒரு புதிர் அடங்கியிருக்கிறது. அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயமோ 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும் சுபாவமுடையது. அதன் அடியில் எரியும் எரிவாயுச் சுடரின் உஷ்ணம் ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்டது. அப்படியிருந்தும் ரசம் நுரைகட்டிப் பொங்கி வருமளவும் சொம்புக்கு யாதொரு சேதமும் நேர்வதில்லை. அதே சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலையில் கவனம் செலுத்தினோமானால், திரும்பி வரும்போது அது உருக்குலைந்து அடுப்பின்மேல் வழிந்து கிடக்கக் காண்போம். சுடர் ஒன்றே, சொம்பும் ஒன்றே. உள்ளே நீர் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வேற்றுமை. இந்தப் புதிரை விடுவித்துக்கொண்டோமானால், ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரத்தின் உதவியின்றிச் சோறு சமைப்பது எப்படி, அதற்கு எந்தப் பாத்திரம் ஏற்றது என்ற கேள்விகளும் பெரும்பாலும் தாமே தீர்ந்துவிடும்.

வெப்பம் என்பது வேறு, உஷ்ணநிலை என்பது வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஜோசப் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ரஸாயனம் போதித்து வந்த அவர், 1762-ஆம் ஆண்டில், தட்டையான அடியுடைய பாத்திரங்களில் குளிர்ந்த நீரைச் சிறிதளவே ஊற்றி, பழுக்கக் காய்ந்த இரும்பு அடுப்பின்மேல் வைத்து, நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். ஏறத்தாழ நான்கு நிமிஷத்தில் நீர் கொதிக்கத் தொடங்கிற்று; கொதித்த நீர் முழுவதும் ஆவியாகித் தீர்வதற்கோ மேலும் இருபது நிமிஷம் பிடித்தது. அந்த இருபது நிமிஷமும் அடுப்பு முன்போலவே வெப்பத்தை ஊட்டிக்கொண்டுதான் இருந்தது; எனினும் நீரின் உஷ்ணநிலை கொதிநிலையைவிட்டு ஏறவில்லை. முன்னர்ப் புகுந்ததைப்போல் ஐந்து மடங்கு வெப்பம் நீருக்குள் புகுந்தும் உஷ்ணமானியில் அதன் சுவடே தோன்றாமற் போனதைக் கண்ட அவர், அந்த வெப்பம் அனைத்தும் நீரை நீராவியாக மாற்றும் வேலையிலேயே செலவாகிறது என்று தெளிந்தார். வெளிப்படத் தோன்றாமல் உள்ளே உறைந்து நிற்பதால் அதனை நாம் உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

இக்காலத்து அளவுகளின்படி, நம் ஊர்க் குழாயில் 30 டிகிரி உஷ்ணத்தில் வரும் நீர் ஒரு கிராமைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். அந்த ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். அடுப்பு எவ்வளவுதான் சீறி எரிந்தாலும், அது தரும் வெப்பத்தையெல்லாம் நீர் இவ்வாறு விழுங்கி ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் நூறு டிகிரிக்குச் சற்று மேலே செல்லலாமேயன்றி, உருகும் அளவுக்கோ கருகும் அளவுக்கோ செல்ல இயலாது. ஈயச் சொம்பைக் காப்பது இந்தக் காவலே. சோற்றுப் பானையைக் காப்பதும் இதுவே. நீர் உள்ளவரை சோறு கருகாது. அடிப்பிடிக்கும் கதை பெரும்பாலும் நீர் தீர்ந்துபோகும் கடைசிச் சில நிமிஷங்களில் நிகழ்வதாகும்.

இனி, பாத்திரத்தின் அடியில் ஒட்டுவது எது என்று பார்ப்போம். அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து. அது கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாக அரிசிக்குள் செறிந்திருக்கிறது. ஒவ்வொரு மணியும் இறுகச் சுற்றிய நூற்கண்டைப் போன்றது. அதிலுள்ள இழைகளில் ஒருவகை கிளையின்றி நீண்டு கிடப்பது, மற்றொருவகை பலவாறு கிளைத்துப் பரந்தது. முன்னதற்கு அமைலோஸ் என்றும், பின்னதற்கு அமைலோபெக்டின் என்றும் பெயர். குளிர்ந்த நீரில் இந்தக் கண்டு அவிழ்வதில்லை. உஷ்ணநிலை 55 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குள் ஏறும்போது, அரிசியின் இனத்தைப் பொறுத்து, நீர் இழைகளினூடே புகுந்து கண்டைத் தளர்த்த, மணி பருத்து, மென்மையுற்று, இழைகளில் ஒரு பகுதி வெளியே கசிந்து நீரோடு கலந்து பசையாகிறது. நாம் வேதல் என்று சொல்வதன் உட்பொருள் இதுதான். நீண்ட இழைகள் மிகுந்த அரிசி உதிரி உதிரியாக வேகும். கிளைத்த இழைகளே நிரம்பிய கவுனி அரிசி குழைந்து ஒட்டிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத மணிகளுக்குள் நடப்பதை எவ்வாறு அறிந்தனர் என்று கேட்கலாம். ஒளியலைகள் ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டப்பட்ட ஒளியில், அதாவது தளவிளைவுற்ற ஒளியில், வேகாத மாவுமணி ஒன்றை நுண்ணோக்கியின் வழியே நோக்கினால், அதன்மேல் ஒரு சிலுவைக் குறி தெளிவாகத் தென்படும். உள்ளே இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதன் அடையாளம் அது. நோக்கிக்கொண்டிருக்கும்போதே நீரை மெல்லச் சூடேற்றினால், ஒரு குறிப்பிட்ட உஷ்ணநிலையில் அந்தக் குறி மங்கி மறைகிறது. ஒழுங்கு குலைந்துவிட்டது, மணி பசையாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். மேலே கூறிய உஷ்ணநிலைகள் இவ்வாறு கண்டறியப்பட்டவையே. நீண்ட இழைகள் கஞ்சியில் கசிந்திருப்பதை வீட்டிலேயே அறிவதற்கும் வழியுண்டு: வடித்த கஞ்சி ஆறியபின் புண்ணுக்குப் போடும் அயோடின் துளி ஒன்றை அதில் விட்டால், கருநீல நிறம் பரவுவதைக் காணலாம்.

உலோகப் பாத்திரத்தின் மேற்பரப்பு வெறும் உலோகமன்று. காற்றின் பிராணவாயுவோடு கூடிய மெல்லிய ஆக்ஸைடுப் படலம் அதன்மேல் எப்போதும் படர்ந்திருக்கிறது. நீரையும், நீரை விரும்பும் வஸ்துக்களையும் பற்றிக்கொள்வது அப்படலத்தின் இயல்பு. மாவுச்சத்தின் இழைகளோ நீரை விரும்பும் முனைகள் நிரம்பியவை. பாத்திரத்தில் நீர் நிறைந்திருக்கும் வரையில் நீரே இடையில் நின்று இரண்டையும் பிரித்துவைக்கிறது. நீர் குறையக் குறைய இழைகள் நேராகவே உலோகத்தைச் சென்றடைந்து, ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் மென்மையான பிணைப்புகளால் பற்றிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் வலுவற்றதாயினும், கோடானுகோடி பிணைப்புகள் ஒன்றுசேரும்போது, சுவரொட்டிகளுக்குப் பூசும் மாவுப்பசையின் வலிமை அந்த இடத்தில் உண்டாகிவிடுகிறது. அதற்கு மேலும் அடுப்பு எரிந்தால் காவல் நீங்கிய அடிப்பகுதி நூறைக் கடந்து, நூற்று நாற்பது டிகிரியை ஒட்டிச் சோறு பழுப்பேறிக் காந்தலாகிறது.

ஒட்டாத பூச்சு இந்தப் பிணைப்புக்கு இடமே கொடாத ஒரு வஸ்து. 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில், குளிர்பதனப் பெட்டிகளுக்கு உரிய வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ராய் பிளங்கெட், சேமித்து வைத்திருந்த உருளையிலிருந்து வாயு வெளிவராதிருக்க, அதன் எடை மட்டும் குறையாதிருக்கக் கண்டு வியந்து, அதனை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெண்ணிறப் பொடி படிந்திருந்தது. டெஃப்லான் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அந்தப் பொருளை 1954-இல் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளரான மார்க் கிரெகுவார், தம் மனைவி சொன்ன யோசனையின்பேரில் சமையல் பாத்திரத்தில் பூசினார். கரியணுக்களைச் சுற்றி ஃபுளூரின் அணுக்கள் போர்த்தியிருப்பதால், நீரும் பசையும் பற்றுதற்கு அதன்மேல் இடமில்லை.

இந்தப் பூச்சைப் பற்றி அச்சமும் உண்டு, அலட்சியமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே நின்று பார்ப்பதே நியாயம். 260 டிகிரியைக் கடக்கும்போது அது மெல்லச் சிதையத் தொடங்குகிறது. 350 டிகிரிக்கு மேல் விரைவாகச் சிதைந்து நச்சு வாயுக்களை வெளியிடுகிறது. வெறும் பாத்திரத்தை அதிகத் தீயில் மறந்துவிட்ட வீடுகளில், கூண்டிலிருந்த பறவைகள் அந்தப் புகையால் மடிந்திருக்கின்றன. அன்றியும், அதன் உற்பத்தியில் நெடுங்காலம் பயன்பட்டு வந்த பி.எஃப்.ஓ.ஏ. என்னும் துணைப்பொருளை, 2023-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அந்தத் துணைப்பொருள் வேறு, பூச்சு வேறு. இப்போது பல தேசங்களில் அந்தத் துணைப்பொருள் விலக்கப்பட்டும் விட்டது. நீருள்ள சோற்றுப் பாத்திரத்தில் பூச்சு சிதையும் உஷ்ணம் உண்டாவதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், நூறு டிகிரியிலேயே முடிந்துவிடும் ஒரு சமையலுக்கு, உலர்ந்த கடுஞ்சூட்டில் முட்டையும் மீனும் பொரிப்பதற்கு ஏற்ற பூச்சு எதற்காக என்பதே என் கேள்வி. கரண்டி பட்டுச் சில ஆண்டுகளில் தேய்ந்து குப்பைக்குப் போகும் அந்தப் பாத்திரம், பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்து சேரும் வெண்கலப் பானைக்கு ஈடாகாது.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, சுடர் படும் இடத்து வெப்பத்தை அது எவ்வளவு விரைவாக அக்கம்பக்கம் பரப்புகிறது என்பது. இதற்கு வெப்பக் கடத்துதிறன் என்று பெயர். எவர்சில்வரைக் காட்டிலும் அலுமினியம் ஏறத்தாழ பதினைந்து மடங்கும், செம்பு இருபத்தைந்து மடங்கும் வெப்பத்தை நன்கு கடத்துகின்றன. மெல்லிய எவர்சில்வர்ப் பாத்திரத்தில் சுடர் வளையம் படும் இடம் மட்டும் கொதித்துச் சீற, இரண்டு விரற்கடை தள்ளி அமைதியாக இருப்பது இதனால்தான். இதை எளிதில் சோதித்தறியலாம். நீரில்லாத பாத்திரத்தில் கோதுமை மாவை மெல்லிய படலமாகத் தூவிச் சிறுதீயில் வைத்தால், சூடு மிகுந்த இடங்களில் மாவு முதலில் பழுப்பேறி, அடுப்பின் வளையமே உள்ளே சித்திரமாக எழுதப்பட்டிருப்பதைக் காண்போம். கனமான அலுமினியப் பாத்திரத்திலோ மாவு பெரும்பாலும் ஒரே சீராக நிறம் மாறும். இந்தச் சோதனையைப் பூச்சுப் பாத்திரத்தில் மட்டும் செய்யலாகாது. காரணம் மேலே கூறப்பட்டது.

அலுமினியப் பாத்திரத்துக்கும் சென்னைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1898-இல் சென்னைச் சித்திரக் கலாசாலையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியத்தைப் பாத்திரமாக அடிக்கும் தொழிலைத் தொடங்கிவைத்தார்; இந்தியாவில் அத்தொழில் வேரூன்றியது அங்கிருந்துதான். புளியும் தக்காளியும் அலுமினியத்தை அரிக்கும் என்பது மெய். வெறும் சோற்றில் புளிப்பில்லையாதலால் அந்தக் குறை இங்கே பெரிதன்று. அலுமினியத்தை விரும்பாதவர்க்கு, எவர்சில்வர்த் தகடுகளின் இடையே அலுமினியத் தகட்டை வைத்து அழுத்திய மும்மடிப் பாத்திரங்கள் இப்போது கிடைக்கின்றன. உணவைத் தொடுவது எவர்சில்வர், வெப்பத்தைப் பரப்புவது அலுமினியம் என்ற இந்த ஏற்பாட்டைச் சோற்றுக்கு மிகவும் உகந்தது என்றே சொல்வேன்.

வெண்கலப் பானையின் பெருமைக்குக் காரணம் அதன் கனம். செம்போடு வெள்ளீயம் கலக்கும்போது, வெப்பத்தைச் சுமந்தோடும் எலெக்ட்ரான்களின் பாதை தடைப்பட்டு, செம்பின் கடத்துதிறன் பெரிதும் குறைந்துவிடுகிறது; ஆயினும் வெண்கலப் பானை தகடாக அடிக்கப்படாமல் வார்த்தெடுக்கப்படுவதால் அடி தடித்து, அந்தத் தடிப்பினூடே வெப்பம் பரவ அவகாசம் கிடைக்கிறது. மண்பானையின் கடத்துதிறன் எவர்சில்வரினும் மிகக் குறைவு. அது மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் கொதித்துக்கொண்டிருக்கும் அதில் நீரைச் சுண்டவைத்துச் சமைப்பதைவிட, வடித்துச் சமைப்பதே ஏற்றது. எண்ணெய் ஏற்றிப் பழக்கிய இரும்புச் சட்டி தோசைக்கும் வறுவலுக்கும் உரியது. நெடுநேரம் நீரில் கொதிப்பது அதன் எண்ணெய்ப் படலத்தைத் தளர்த்தித் துருவுக்கு இடம் தரும்.

இனி, சமைக்கும் முறைகளுள், காவல் நீரைக் கடைசிவரையில் கைவிடாத முறை கஞ்சி வடித்தல். நிறைய நீரை உலையில் வைத்து, கொதித்தபின் அரிசியை இட்டு, பதம் பார்த்து வடித்துவிட்டால், பாத்திரத்தில் நீர் தீரும் தருணம் என்ற ஒன்றே நேர்வதில்லை. மெல்லிய பாத்திரமும் இதற்குப் போதும். உலை கொதித்தபின்னரே அரிசியிடும் வழக்கமும் காரணமற்றதன்று. குளிர்ந்த நீரில் இட்ட அரிசி அடியில் அசையாமல் படிந்து கிடக்க, அந்த அடி முதலில் எழுபது எண்பது டிகிரியை எட்டும்போது, மேலே நீர் கொதிக்குமுன்பே அடி அரிசி பசையாகிப் பாத்திரத்தைப் பற்றிக்கொள்கிறது. கொதிக்கும் நீரோ அரிசியைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் அதற்கு இடமில்லை. அரிசியைக் களைவதும் மேலே ஒட்டியுள்ள மாவைப் போக்கி, அடியில் படியும் பசையைக் குறைக்கிறது.

வடித்தலுக்கு ஓர் ஆட்சேபம் உண்டு: தயமின் என்னும் பி1 வைட்டமின் நீரில் கரைந்து கஞ்சியோடு போய்விடும். தீட்டிய பச்சரிசியில் எஞ்சியிருப்பதே சொற்பம். அதையும் வடித்துவிடுவது நஷ்டந்தான். புழுங்கலரிசியின் நிலை வேறு. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின்கள் உள்ளே ஊடுருவிச் செல்வதோடு, மாவுமணிகள் உமிக்குள்ளேயே ஒருமுறை பசையாகிக் காய்ந்து இறுகிவிடுகின்றன. ஆகவே அந்த அரிசியைத் தீட்டினாலும் சத்து ஓரளவு நிற்கிறது. மறுபடி வேகும்போது கசியும் பசையும் குறைவு. இதன் மதிப்பை உலகம் அறிந்துகொண்ட இடம் மலாய் நாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை முடமாக்கி மாய்த்தபோது, தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியதும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அணுகாதிருந்ததும் டாக்டர் பிராடனின் கருத்தைக் கவர்ந்தன. 1905-இல் கோலாலம்பூர்ப் பித்தர் விடுதியில் டாக்டர் ஃபிளெட்சர், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தபோது, பெரிபெரி முதற் பிரிவையே பற்றியது. வடித்து உண்ணும் வழக்கமும் புழுங்கலரிசியும் ஒன்றையொன்று தாங்கி நின்றதை இதிலிருந்து உணரலாம். பச்சரிசி உண்போர் வடிக்காமல் பொங்குவதே மேல்.

பொங்கும் முறையில்தான் நீரின் அளவு நுட்பமாகிறது. அரிசி உட்கொள்ளும் நீர் ஒன்று. ஆவியாகிப் போகும் நீர் மற்றொன்று. முதலாவது அரிசியின் அளவோடு ஏறுவது. இரண்டாவதோ பாத்திரத்தின் வாயகலம், மூடியின் பொருத்தம், அடுப்பில் இருக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்ததேயன்றி அரிசியின் அளவைப் பொறுத்ததன்று. ஆகையால், ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு நீர் வைத்துப் பழகியவர், அதே பாத்திரத்தில் அரிசியை மும்மடங்காக்கி நீரையும் மும்மடங்காக்கினால் சோறு குழைந்துபோகிறது. களைந்த பச்சரிசியை அரைமணி ஊறவைத்து, கொதிவந்ததும் ஒரே ஒருமுறை அடிவரை கிளறி, பொருந்திய மூடியிட்டு, தீயை மிகத் தணித்து, மேலே நீர் மறைந்து துளைகள் தோன்றியதும் அணைத்துவிட வேண்டும். பின்னர்ப் பத்து நிமிஷம் மூடியைத் திறவாதிருத்தல் இம்முறையின் உயிர்நாடி. உள்ளே அடைபட்ட ஆவி குளிர்ந்து நீராகி, ஈரம் மிகுந்த இடத்திலிருந்து உலர்ந்த அடிப்பகுதிக்கு இறங்கி, பற்றிக்கொண்டிருந்த பசையை நெகிழ்த்துகிறது. உடனே கரண்டியிட்டால் பாத்திரத்தோடு நிற்கும் அடிச்சோறு, பத்து நிமிஷம் கழித்துத் தானே பெயர்ந்து வரும்.

நீரின் காவலை வேறொரு பாத்திரத்தில் நிறுத்துவது மூன்றாவது முறை. அடியில் கரியிட்டு, மேலே பித்தளை அடுக்குகளை நீராவியில் வேகவைத்த ருக்மணி குக்கரும், கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் 1910-இல் அமைத்த இக்மிக் குக்கரும் இவ்வகையின. இன்றைய அழுத்தக் குக்கரில் உள்ளே நீரூற்றி, அதற்குள் தனிப் பாத்திரத்தில் அரிசியும் நீரும் வைப்பதும் இதுவே. அங்கே அழுத்தத்தால் கொதிநிலை 120 டிகிரியளவுக்கு உயர்கிறது. அதற்குமேல் செல்ல வழியில்லை. அடியிலுள்ள நீர் தீராதவரை உள்பாத்திரம் அடிப்பிடிப்பது அசாத்தியம்.

இதே தத்துவத்தைக் கடிகாரமாகவே மாற்றியவர் டோக்கியோவில் சிறு தொழிற்சாலை நடத்திய மினாமி யோஷிதாதா. டோஷிபா கம்பெனிக்காக அவரும் அவர் மனைவி ஃபுமிக்கோவும் இரவு பகலாகச் சோறாக்கிச் சோதித்து உருவாக்கி, 1955-இல் விற்பனைக்கு வந்த மின்சாரக் குக்கரில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய ஒரு குவளை நீர் ஏறத்தாழ இருபது நிமிஷத்தில் ஆவியாகித் தீர்ந்ததும், அதுவரை நூறில் நின்ற உஷ்ணநிலை சட்டென்று ஏற, இரு உலோகங்களை இணைத்த தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்தது. பிற்காலத்துக் குக்கர்களில், நூறைச் சற்றே கடந்ததும் காந்தத்தின் பிடிக்கு அகப்படாமற்போகும் ஒரு கலவை பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. இரண்டும் கேட்பது ஒன்றையே: நீர் இன்னும் இருக்கிறதா? இக்கருவி வேலை செய்வதற்குப் பூச்சு அவசியமில்லை. எவர்சில்வர் உள்பாத்திரத்தோடு கூடிய குக்கர்களைக் கேட்டு வாங்கலாம். தானாக அணைந்ததும் திறவாமல் பத்து நிமிஷம் விட்டுவைத்தால், அவற்றிலும் ஒட்டுவது சொற்பமே.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் சில நாள் அடியில் சிறிது நிற்கும். அதைச் சுரண்ட முற்படுவது வீண் சிரமம். சுரண்டிய கீறல்களில் அடுத்த முறை பசை இன்னும் ஆழமாகப் பற்றும். வெந்நீர் ஊற்றி ஒருமணி நேரம் மூடிவைத்தால், நீர் மறுபடி இழைகளுக்கும் உலோகத்துக்கும் இடையே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளை ஒவ்வொன்றாகத் தன்வசமாக்கிக்கொள்ள, விரலால் தள்ளியதும் பசைப்படலம் தோலாக உரிந்து வரும். பழுப்பேறிக் காந்தலானது மட்டும் இவ்வாறு வராது. கருகும்போது இழைகளே சிதைந்து வேறு பொருளாகிவிடுகின்றன. அதற்கு நீரோடு சிறிது சமையல் சோடாவிட்டுக் கொதிக்கவைப்பது எவர்சில்வருக்குப் பொருந்தும். அலுமினியப் பாத்திரத்தில் சோடா கூடாது. அதன் ஆக்ஸைடுப் படலத்தைக் காரம் கரைத்துப் பாத்திரத்தைக் கறுக்கச் செய்யும். அதற்கு வெந்நீரும் பொறுமையுமே போதும்.